மாதி விட்டுக்கொடுத்த சூடு

அந்தக் காலத்தில், எலியும் பன்றியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த காலத்தில், மனிதருக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. பொய் இல்லை. புல்லெல்லாம் பனி பிடித்து வெள்ளையாகக் கிடக்கிற காலையிலும் வெறும் மேலோடு ஓடைக்குப் போவார்கள். முங்கிக் குளிப்பார்கள். தலையைக்கூடத் துவட்டாமல் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். போர்வை என்று ஒரு சாமான் அப்போது எந்தக் குடிசையிலும் கிடையாது.

அதெப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொருவர் முதுகிலும், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, தவிட்டு நிறத்தில் ஒரு கைப்பிடிக் கொழுப்பு இருந்தது. கழுத்தோரத்திலும் அது கொஞ்சம் படர்ந்திருந்தது. நம் இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருக்கிறதே வெள்ளைக் கொழுப்பு, அதைப் போலச் சோம்பேறி இல்லை இது. வெள்ளைக்குச் சேர்த்து வைக்க மட்டும்தான் தெரியும். தவிட்டுக் கொழுப்போ, சேர்த்து வைத்ததை எடுத்து எரித்து உடம்பு முழுக்கச் சூட்டை அனுப்பும். குளிர் ஏற ஏற அதுவும் விடாமல் எரியும். அதனாலேயே அந்தக் காலத்தில் தொந்தி வைத்த ஆளைப் பார்க்கவே முடியாது. சிரிக்காதீர்கள், இது சிரிக்கிற கதை இல்லை.

மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே பனிமேடு என்று ஒரு குடியிருப்பு. அப்போது மனிதருக்கு இருந்த ஊரே அது ஒன்றுதான். பதினான்கு குடிசை. நடுவில் வெட்டவெளியில் மூன்று கல் வைத்த ஒரே அடுப்பு, எல்லோருக்கும் அதில்தான் சமையல். தீயை அவர்கள் சமைக்க மட்டும்தான் வைத்திருந்தார்கள். கஞ்சி கொதித்ததும் பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். முதுகிலேயே சூடு இருக்கிறவர்களுக்குத் தீப்பக்கம் என்ன வேலை?

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் ஒருவர் முறை வைத்து அடுப்படியில் இருப்பார். மற்றவர்கள் கிழங்குக்கும் தேனுக்கும் தினைக்காட்டுக்கும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். யாராவது வந்து எதையாவது கேட்டால், அடுப்படியில் இருப்பவர் சொல்வதே ஊர் முழுவதற்கும் வாக்கு. இருக்கிறவருக்கும், வெளியே போனவருக்கும், இனிமேல் பிறக்கப் போகிறவருக்கும் அந்த வாக்குச் செல்லும். ஆனால் ஒன்று. பெரிய வாக்கு என்றால் ஊர் ஆட்கள் எல்லோரும் வீடு திரும்பிய பிறகுதான் கொடுக்க வேண்டும். கேட்க வந்தவர் "ஆளெல்லாம் வந்தாச்சா?" என்று கேட்பார். இவர் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு "வந்தாச்சு" என்பார். அதன் பிறகு எதைச் சொன்னாலும் அது அப்படியே நடந்துவிடும்.

மாதி அந்த ஊர்க்காரி. அவள் புருஷன் பெயர் சிண்டன். ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று, தும்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். தும்பி பிறந்த வருஷம் பார்த்தா மழை ஏமாற்ற வேண்டும்? தினை கதிர் விடாமலே காய்ந்தது. ஓடையோரக் கிழங்கெல்லாம் ஐப்பசிக்குள் தோண்டித் தீர்ந்தது. மார்கழிக் குளிர் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வந்து இறங்கியது.

குளிர் வந்தால் முதுகு எரியும். எரிவதற்கு வெள்ளைக் கொழுப்பு வேண்டும். சாப்பாடு இல்லாத உடம்பில் அதற்கு எங்கே போவது? ஆட்கள் சூடாகத்தான் இருந்தார்கள், ஆனால் நாளுக்கு நாள் உருகினார்கள். மாதியின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. பால் சுண்டிவிட்டது. தும்பி மார்பைச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும்.

ஒரு காலையில் சிண்டன் தேன்குடுவையைத் தோளில் மாட்டினான்.

"மூணு நாளாச்சு, புள்ளைக்குப் பால் இறங்கல. நான் மேல தேன்பாறைக்குப் போயிட்டு வரேன்."

"தனியாவா போற மாமா?"

"கூட வர்றதுக்கு யாரு கால்ல தெம்பு இருக்கு? போற வழியில மலைக்கிழங்கும் கெடச்சாலும் கெடைக்கும். இன்னைக்குப் பாறை மேலயே படுத்துக்கறேன். நாளைக்குப் பொழுது ஏறுறதுக்குள்ள வந்துருவேன்." குழந்தையின் முதுகில் கையை வைத்துப் பார்த்தான். "நல்லாச் சூடாத்தான் இருக்கா கழுதை. நீ பயப்படாத புள்ள."

அன்றைக்கு அடுப்படி முறை மாதிக்கு. அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் முறை முறைதானே. தும்பியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயத் தொடங்கியபோது, காய்ந்துபோன தினைக்காட்டுப் பக்கமிருந்து ஒரு வயலெலி வந்தது. வயிறு தொங்க, நடக்க மாட்டாமல் நடந்து வந்து கல்லின் மேல் உட்கார்ந்தது.

"என்ன மாதி, புள்ள அழுவுறா?"

"அழுவறதுக்கும் தெம்பில்லாம அழுவுறா, எலியக்கா."

"எம்புள்ளைங்க அதுகூட அழுவல." எலி முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. "ஒம்பது போட்டேன். மேல ஒரு முடி கிடையாது, செக்கச்செவேல்னு பிஞ்சுங்க. இன்னைக்குக் காலையில ரெண்டு வெறச்சுப் போய்க் கெடந்துச்சு. எங்க முதுகுல இருக்கறது கடுகளவுதான். எங்க உடம்பு சின்னது, சூடு நிக்கவே மாட்டேங்குது. மத்த ஏழும் நாளைக்குத் தாங்காது."

"அய்யோ" என்றாள் மாதி.

"அய்யோன்னு சொல்றதுக்கு நான் வரல. ஏழு பொந்து நெறையத் தினை வெச்சிருக்கேன், போன வருஷத்துது. அத்தனையும் உங்க ஊருக்குத் தரேன். உங்க முதுகுல இருக்கற தவிட்டுக் கொழுப்பை எங்களுக்குக் குடு."

"அதைக் குடுத்துட்டு நாங்க என்னக்கா பண்றது?"

"யோசிச்சுப் பாரு. நீ திங்கறதை யாரு திங்கறா? உன் முதுகு திங்குது. சேத்து வெச்சதையெல்லாம் எரிச்சுட்டு, இப்போ உம்புள்ளைக்கு ஊற வேண்டிய பாலையும் அதுதான் எரிச்சுட்டு இருக்கு. அது இல்லேன்னா பாதித் தினை போதும் உங்களுக்கு. மீதி மேல ஒட்டும், பால் ஊறும்."

எலி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் மாதி விரட்டி அடித்திருப்பாள்.

குளிர் தெரியாத ஊரில் பிறந்து வளர்ந்தவள் அவள். முதுகில் சூடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் சில்லென்று இருக்கும், ஓடைத் தண்ணீரில் முதல் காலை வைக்கிற மாதிரி, என்றுதான் நினைத்தாள்.

"சரிக்கா" என்றாள்.

எலிக்கும் வழக்கம் தெரியும். கல்லை விட்டு இறங்கி நின்று கேட்டது. "ஆளெல்லாம் வந்தாச்சா?"

மாதி குடிசைகளைப் பார்த்தாள். கிழங்குக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வந்து சுருண்டிருந்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். சிண்டன் ஒருவன்தான் இல்லை.

"நாளைக்குக் காலையில சொல்லட்டுமாக்கா?"

"நாளைக்கு எம்புள்ளைங்க இருக்காது மாதி. நீ இல்லேன்னா நான் கருங்குரங்குகிட்டப் போயிக் கேக்கறேன். அவங்ககிட்டயும் இதே கொழுப்புதான் இருக்கு." எலி திரும்பி இரண்டடி நடந்துவிட்டது.

அப்போது தோளில் கிடந்த தும்பி அழுகையை நிறுத்தினாள். பசி தீர்ந்து நிறுத்தவில்லை. கழுத்து துவண்டு, தலை மாதியின் கழுத்தெலும்புக் குழியில் போய் விழுந்தது. மாதி பதறிப்போய் அவள் முதுகைக் கையால் அழுத்திப் பிடித்தாள்.

"வந்தாச்சு!" என்று கத்தினாள். "எலியக்கா, நில்லு! எல்லாரும் வந்தாச்சு. எடுத்துக்கோ!"

அவ்வளவுதான். ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் என்ன என்று நாம் இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். அவள் தோளில் கிடந்தது நம் பிள்ளை இல்லையே.

எலி மூன்று கல்லையும் சுற்றி வந்தது. மாதியின் முதுகிலிருந்து யாரோ கையை எடுத்த மாதிரி இருந்தது. ஊரில் அத்தனை பேர் முதுகிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு இடத்தில் மட்டும் அது முழுசாகப் போகவில்லை. தும்பியின் முதுகில் மாதியின் கை அழுந்தியிருந்ததால் அங்கே எடுக்க வழியில்லை. மாதியின் கழுத்தெலும்புக் குழியில் தும்பியின் தலை அழுந்தியிருந்தது. அந்த இடத்தில் ஒரு சிட்டிகை தங்கிவிட்டது. கொடுத்தது ஊருக்காக என்பதால், தங்கியதும் எல்லோருக்குமாகத் தங்கியது.

எலி சொன்ன சொல் தவறவில்லை. ஏழு பொந்தையும் திறந்துவிட்டது. ஊரே ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தது. அடுப்பில் பானை ஏறியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கஞ்சி வாசனை அடித்தது. சூடான கஞ்சி குடித்ததில் முதலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வயிறு நிறைந்து, வழக்கம்போல அடுப்பை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேலெல்லாம் முடி குத்திட்டு நின்றது. பல் தானாக அடித்துக்கொண்டது.

மாதி தன் கையைப் பார்த்தாள். கை ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையைத் தூக்கித் தேன்பாறையைப் பார்த்தாள்.

மீதிக் கஞ்சியை அப்படியே போட்டுவிட்டு எலிப்பொந்துக்கு ஓடினாள். பொந்துகள் மண் வைத்து அடைத்துக் கிடந்தன. "எலியக்கா, எலியக்கா, ஒரு நாளைக்கு மட்டும் திருப்பிக் குடு" என்று மண்ணைக் கையால் தோண்டினாள். எத்தனை ஆழத்தில் எலிக்குடும்பம் சூடாகத் தூங்கிக்கொண்டிருந்ததோ, தோண்டத் தோண்ட மண்தான் வந்தது. தேன்பாறைக்குப் போகலாம் என்றால் வழுக்குப்பாறை வழி. வெளிச்சம் இல்லாமல் யாரும் ஏற முடியாது. தும்பியைத் தோளோடு அணைத்தபடி பாறையடி வரை போய்விட்டுத் திரும்பினாள், போய்விட்டுத் திரும்பினாள். விடிகிறவரை அவள் செய்தது அதுதான்.

சிண்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பொழுது ஏறுவதற்குள் வந்துவிட்டான். தோளில் தேன்குடுவை நிறைந்திருந்தது. இடுப்பில் மலைக்கிழங்கு ஆறேழு செருகியிருந்தான். நடை மட்டும் அவன் நடையாக இல்லை. உதடு நீலம் பூத்திருந்தது. ஊர் எல்லையில் மாதியைக் கண்டதும் முழங்கால் மடிந்து உட்கார்ந்தான்.

"எடுத்துட்டு வந்துட்டேன் பாத்தியா" என்றான். பல் அடித்துக்கொண்டதில் பாதிச் சொல்தான் வெளியே வந்தது. "மாதி, எனக்கு என்னமோ ஆயிடுச்சு புள்ள. நேத்துச் சாயங்காலம் பாறை மேல இருந்தேன். திடீர்னு முதுகுல இருந்த சூடு போயிடுச்சு. ஒடம்பு கெடந்து ஆடுது. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலிருக்கு. தேன் எடுக்கையில தேனடையில பாதியை ஈக்கு விடணும்ல? பாப்பா நெனப்புல முழுசா எடுத்துட்டேன். அதான் மலைக்குக் கோபம்."

"இல்ல மாமா. நீ எந்தத் தப்பும் பண்ணல" என்றாள். தேன்குடுவையை அவன் தோளிலிருந்து கழற்றினாள்.

"பாப்பா பால் குடிச்சாளா?"

"குடிச்சா மாமா. விடியக்காலம் குடிச்சா."

அதைக் கேட்டு அவன் முகம் தெளிந்தது. குழந்தையை வாங்கி மேலே போட்டுக்கொண்டான். "இவ சூடாத்தான் இருக்கா" என்றான். ஊரார் கூடி அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குடிசை நிழலில் படுக்க வைத்தார்கள். நிழலில்! பத்தடி தள்ளி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கிடத்தலாம் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே. தீயென்றால் கஞ்சிக்கு என்று மட்டும் பழகியவர்கள், பாவம், அவர்களும் நடுங்கிக்கொண்டேதான் நின்றார்கள். ஆடிக்கொண்டிருந்த உடம்பு ஒரு நேரத்தில் ஆடாமல் நின்றது. சரியாகிவிட்டது என்றுதான் மாதி நினைத்தாள். உச்சிப்பொழுதுக்கு முன்பே சிண்டன் போய்விட்டான்.

மாதி ஊரின் நடுவே நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர்கள் அடித்திருக்கலாம், துரத்தியிருக்கலாம். யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவள் கொடுத்ததில் வந்த கஞ்சியைத்தான் எல்லோரும் குடித்திருந்தார்கள். சிண்டனின் அண்ணன் மட்டும், "எண்ணிட்டுச் சொல்லியிருக்கலாமே தாயி" என்றார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாள் கழித்து எலி வெளியே வந்தது. விஷயம் அதற்கும் தெரிந்துவிட்டது.

"நான் கேட்டேன்ல மாதி? ஆளெல்லாம் வந்தாச்சான்னு கேட்டேன்ல? நீ பொய் சொல்லிட்டியே. உம்புருஷன் உசுரை எம்பொந்துல கொண்டுவந்து வெச்சுட்டியே."

"திருப்பிக் குடுத்துடுக்கா."

"எங்க இருந்து குடுக்கறது? ஏழும் ஆளுக்குக் கொஞ்சமா முதுகுல வாங்கி வெச்சுக்கிச்சு. எங்க சாதி சனம் அத்தனைக்கும் போயாச்சு. பிச்சு எடுத்தா எல்லாம் செத்துப்போகும். எடுக்கச் சொல்றியா?"

மாதி எட்டிப் பார்த்தாள். ஏழு குஞ்சுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இளஞ்சிவப்பாக, மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தன. எடு என்று சொல்ல அவளால் முடியவில்லை.

எலி அவள் தோளைப் பார்த்தது. "உம்புள்ள முதுகுல ஒண்ணு தங்கியிருக்கு. முறையாப் பாத்தா அதுவும் எனக்குச் சேர வேண்டியது."

மாதி இரண்டு கையாலும் தும்பியின் முதுகைப் பொத்திக்கொண்டாள். "கையெடுத்துக் கும்பிடறேங்க்கா. இவளுக்கு நடுங்கக்கூடத் தெரியாது. இதையும் எடுத்தா இவ அப்பன் போன வழியிலயே போயிடுவா."

எலி தன் பொந்தைத் திரும்பிப் பார்த்தது. செத்துப்போன தன் இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டதோ என்னவோ. "இருக்கட்டும்" என்றது கடைசியில். "இவளுக்கும், இனிமே உங்க சாதியில பொறக்கப்போற பச்சப்புள்ளைங்களுக்கும் இருக்கட்டும். நடந்து, ஓடி, தானா எதையாச்சும் இழுத்து மேல போட்டுக்கத் தெரியற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எங்கிட்ட வந்துடணும். உங்க கழுத்தோரத்துல தங்குனது சிட்டிகையளவு. அது எனக்கு வேணாம். குளிர்ல அதுவும் கொஞ்சம் எரியும், வெச்சுக்கங்க."

மாதி திரும்பி வரும் வழியில், புதரோரம் ஒரு காட்டுப்பன்றி புல்லைக் கடித்துக் குவித்துக்கொண்டிருந்தது. குவியலுக்குள் அதன் குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "அன்னைக்கு எலி உங்கிட்ட வந்ததை நான் பாத்தேன்" என்றது பன்றி, தலையைத் தூக்காமல். "எங்க முதுகுச் சூட்டை எப்பவோ இப்படிக் கேட்டு வந்தவங்களுக்கு ஒரு குழி நெறையக் கிழங்குக்காக நான் குடுத்தாச்சு, ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லாம. உங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு." பிறகு குவியலில் பாதியைத் தள்ளிக் கொடுத்தது. "எடுத்துட்டுப் போ. மேல கீழ போட்டுப் படுங்க." மனிதர் முதன்முதலில் போர்த்திக்கொண்டது அந்தப் புல்லைத்தான். தீப்பக்கம் நகர்ந்து உட்காரக் கற்றுக்கொண்டதும் அந்த மார்கழியில்தான்.

தும்பி பிழைத்தாள். வளர்ந்தாள். மாதி தினமும் காலையில் அவள் முதுகைத் தொட்டுப் பார்ப்பாள். நடக்கத் தொடங்கிய பிறகு, ஓடத் தொடங்கிய பிறகு, அந்தச் சூடு இம்மி இம்மியாகக் குறைந்துகொண்டு வந்தது. ஒரு மார்கழிக் காலையில் ஓடையிலிருந்து ஓடி வந்த பெண் வாசலில் நின்றாள்.

"அம்மா, ஏம்மா என் மேலெல்லாம் ஆடுது?"

மாதி அதுவரை மகளிடம் எதையும் சொன்னதில்லை. அப்பா தேனெடுக்கப் போய்ச் செத்தார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்கு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எலி வந்ததைச் சொன்னாள், தான் சொன்ன பொய்யைச் சொன்னாள், நீல உதட்டோடு அவன் பால் குடித்தாளா என்று கேட்டதைச் சொன்னாள்.

"எனக்காகத்தான் குடுத்தியாம்மா?"

"பசியில குடுத்தேன். எம்புத்தி கெட்டுக் குடுத்தேன். உனக்காகன்னு நான் சொல்ல மாட்டேன், நீயும் நெனச்சுக்கக் கூடாது" என்றாள் மாதி. சொல்லிக்கொண்டே தன் மேல் கிடந்த புல்போர்வையை உருவி மகள் மேல் போர்த்தினாள். அவள் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

அன்று முதல்தான் கைக்குழந்தை குளிரில் நடுங்காமல் தன் முதுகுச் சூட்டில் கிடக்கிறது, வளர்ந்தவர்கள் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குகிறோம். எந்த ஊரிலும் ஒரு தாய்க்குக் குளிர் அடித்தால், அவள் முதலில் பிள்ளையைத்தான் போர்த்துகிறாள்.